களஞ்சியத்தின் கோப்புகளை எங்கே வைப்பது, மீதரவை எங்கே வைப்பது?

சுவடிக்காவலர்:

வணக்கம். நாங்கள் மூவர் சேர்ந்து ஓர் எண்ணிமக் களஞ்சியத்தைப் பராமரித்து வருகிறோம். ஏறத்தாழ 12,000 நூல்கள், அவற்றின் பக்கங்களாக 30 லட்சம் படக் கோப்புகள், எல்லாம் சேர்ந்து 20 டெராபைட். ஒரே சர்வரில் ரெய்டு முறையில் (ஒரு வட்டு பழுதானாலும் தரவு தப்பும்படி) இணைத்த வட்டுகளில் கோப்புகளும், அதே சர்வரில் ஓடும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் மீதரவும் (நூலின் தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரங்கள்) இருக்கின்றன. சர்வர் பழையதாகிவிட்டதால் வேறொன்றுக்கு மாற வேண்டிய கட்டாயம் வந்திருக்கிறது. மாறுவது மாறுகிறோம், சேமிப்பு முறையையும் இப்போதே திருத்திவிடலாம் என்று எண்ணுகிறோம்.

கோப்புகளைப் பொறுத்தவரை எங்களுக்குள் மூன்று கருத்துகள் உள்ளன. படங்களையும் தரவுத்தளத்துக்குள்ளேயே வைத்துவிட்டால் கோப்பும் பதிவும் பிரிந்துபோக வழியே இல்லை, ஒரே பேக்கப் போதும் என்கிறார் ஒருவர். அமேசானின் எஸ்3 போன்ற ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (இணையம் வழியாகக் கோப்புகளை வைத்து எடுக்கும் சேமிப்பகம்) மாறிவிட்டால் வட்டுகளைப் பற்றிய கவலையே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். இப்போதுள்ளபடியே அடைவுகளில் வைத்துக்கொண்டு அடைவு அமைப்பை மட்டும் சீர்படுத்தலாம் என்பது என் எண்ணம். மீதரவைப் பற்றி மட்டும் வாதமே எழவில்லை. அது தரவுத்தளத்தில்தான் இருக்கும் என்று மூவருமே எடுத்துக்கொண்டுவிட்டோம். இத்தகைய ஏற்பாடுகளைச் சில ஆண்டுகளாவது நடத்திப் பார்த்தவர்கள் தங்கள் கருத்தைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

தரவுத்தளத்தார்:

முதல் கருத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தரவுத்தளத்துக்குள் பெரிய கோப்புகளை வைக்கலாமா என்ற கேள்வி மிகப் பழையது. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் ஜிம் கிரேயும் அவருடைய சகாக்களும் 2006-இல் இதை அளந்து பார்த்து, 256 கிலோபைட்டுக்குக் குறைவானவை தரவுத்தளத்திலும் 1 மெகாபைட்டுக்கு மேற்பட்டவை கோப்பு முறைமையிலும் நன்றாக நடக்கின்றன என்று எழுதினார்கள். இன்றைய வட்டுகளில் அந்த எல்லைக்கோடு சற்று நகர்ந்திருக்கலாம். ஆனால் உங்கள் கோப்புகளின் சராசரி அளவு 6 மெகாபைட்டுக்கும் மேல் வருவதால், கோடு எங்கே இருந்தாலும் நீங்கள் அதற்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறீர்கள்.

போஸ்ட்கிரெஸில் பைட்டா என்ற புல வகை 1 கிகாபைட் வரை ஏற்கும். லார்ஜ் ஆப்ஜெக்ட் வழியாக 4 டெராபைட் வரையிலும்கூடப் போகலாம். ஆகவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு முறை எழுதிய பிறகு என்றும் மாறாத 20 டெராபைட் படங்களை, தினமும் மாறும் சில கிகாபைட் பதிவுகளோடு ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால், ஒவ்வொரு முழு பேக்கப்பிலும் மூட்டை முழுவதையும் தூக்கிச் சுமக்க வேண்டும். தரவுத்தளத்தை மீட்டெடுக்கும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது பல நாட்களாக நீளும். ஒரு நகல் சர்வரை வைத்துக்கொண்டால் ஒவ்வொரு படமும், தரவுத்தளம் தன் மாற்றங்களை எழுதிவைக்கும் மாற்றப் பதிவேட்டின் வழியாகவும் ஒரு முறை பயணம் செய்யும்.

உங்கள் நண்பர் சொல்லும் ஆதாயம் உண்மையானது என்பதை மறுக்கவில்லை. கோப்பும் பதிவும் ஒரே பரிவர்த்தனைக்குள் இருந்தால் பாதி எழுதிய நிலை என்ற ஒன்று வராது. அதே ஆதாயத்தை வரிசை ஒழுங்கினாலும் பெறலாம். சேர்க்கும்போது கோப்பை முதலில் முழுமையாக எழுதி, செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு மதிப்பு) சரிபார்த்து, அதன்பிறகே பதிவை எழுதுங்கள். இடையில் மின்சாரம் போனால் உரிமையாளர் இல்லாத கோப்பு ஒன்று மிஞ்சும். அதனால் கெடுதல் இல்லை, பிறகு துப்புரவு செய்துகொள்ளலாம். நீக்கும்போது பதிவில் 'நீக்கப்பட்டது' என்று முதலில் குறித்துவிட்டு, கோப்பைக் குறைந்தது ஒரு முழு பேக்கப் சுற்று கடந்த பிறகு நீக்குங்கள். பேக்கப் எடுக்கும்போது தரவுத்தளத்தை முதலிலும் கோப்புகளை அடுத்தும் எடுங்கள். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால், மீட்டெடுத்த தரவுத்தளம் சுட்டும் ஒவ்வொரு கோப்பும் மீட்டெடுத்த வட்டில் இருந்தே தீரும். வரிசையை மாற்றி, கோப்புகளை முதலில் நகலெடுத்து தரவுத்தளத்தைப் பிறகு எடுத்தால், இடைப்பட்ட நேரத்தில் சேர்ந்த நூல்களுக்குப் பதிவு இருக்கும், பக்கம் இருக்காது.

வட்டுவைத்தியர்:

அடைவா ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டும் நல்லவையே, ஆனால் இரண்டாவதை 'தொலைவில் இருக்கும் வட்டு' என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறவர்கள்தான் அடிபடுகிறார்கள்.

ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் அடைவு என்பதே கிடையாது. சாய்கோடு போட்ட நீளமான பெயர்கள்தான் உண்டு. அதனால் ஓர் அடைவின் பெயரை மாற்றுவது, வட்டில் கண்ணிமைக்கும் நேர வேலையாக இருப்பது, அங்கே உள்ளிருக்கும் ஒவ்வொரு கோப்பையும் புதிய பெயரில் நகலெடுத்துப் பழையதை அழிக்கும் வேலையாகிவிடும். கோப்பின் நடுவில் சில பைட்டுகளை மட்டும் மாற்றி எழுதவும் முடியாது. களஞ்சியத்தில் மூலப் படங்களை யாரும் திருத்தப் போவதில்லை என்பதால் இது உங்களுக்கு ஒரு குறையன்று. சொல்லப் போனால் நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் பெயரிடும் முறையை முதல் நாளிலேயே சரியாக முடிவு செய்துவிட வேண்டும்.

அடுத்தது, ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் ஒவ்வொரு கோப்புக்கும் தரும் ஈடேக் என்ற மதிப்பு. அதைக் கோப்பின் எம்டி5 வகைச் செக்சம் என்று நம்பி, அதை வைத்தே சரிபார்ப்பு நிரல் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே துண்டாக ஏற்றிய கோப்புக்கு அது பெரும்பாலும் சரியாக இருக்கும். பல துண்டுகளாக ஏற்றிய கோப்புக்கோ, துண்டுகளின் எம்டி5 மதிப்புகளைச் சேர்த்துக் கணக்கிட்ட வேறொரு மதிப்பு வரும். கடைசியில் ஒரு சிறு கோடும் துண்டுகளின் எண்ணிக்கையும் ஒட்டிக்கொண்டிருக்கும். அமேசானின் கட்டளைவரிக் கருவி இயல்பாகவே 8 மெகாபைட்டைத் தாண்டிய கோப்புகளைத் துண்டாக்கித்தான் ஏற்றுகிறது. 6 மெகாபைட் சராசரியுள்ள உங்கள் தொகுப்பில் சில கோப்புகள் பொருந்தும், சில பொருந்தா. ஏன் என்று தெரியாமல் ஒரு வாரம் போகும். ஆகவே ஷா-256 அல்லது ஷா-512 வகைச் செக்சத்தை ஏற்றுவதற்கு முன்பே நீங்களே கணக்கிட்டு உங்களிடமே வைத்திருங்கள்.

'பதினொரு ஒன்பது' (99.999999999%) நீடிப்புத்தன்மை என்ற விளம்பர வாக்கியத்தையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வட்டு பழுதாகி ஒரு கோப்பு தொலையும் வாய்ப்பைத்தான் அது பேசுகிறது. உங்கள் நிரலே தவறான கோப்பை மேலெழுதினாலும், நிர்வாகக் கடவுச்சொல் யார் கையிலாவது சிக்கினாலும், கட்டணம் கட்டத் தவறிக் கணக்கு மூடப்பட்டாலும், அந்த எண் துணைக்கு வராது. பதிப்புப் பேணலையும் அழிக்க இயலாத பூட்டையும் இயக்கி வைத்தால் முதல் இரண்டுக்கு ஓரளவு காப்பு கிடைக்கும். மூன்றாவதற்கு வேறிடத்தில் இன்னொரு நகல் வைத்திருப்பதைத் தவிர வழியில்லை.

நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் 20 டெராபைட்டை நகர்த்த, வேறெதற்கும் இணைப்பைப் பயன்படுத்தாமல் ஓட்டினாலும், 18 நாட்களுக்கு மேல் ஆகும். ஏற்றுவதற்கு மட்டுமல்ல, ஒருநாள் வெளியேற வேண்டி வந்தால் இறக்குவதற்கும் அதே கணக்குதான், அத்துடன் வெளியேற்றக் கட்டணமும் சேரும். உங்கள் சொந்த வட்டிலோ, நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எல்லாவற்றையும் ஒரு முறை வாசித்துச் செக்சம் சரிபார்க்க 37 மணி நேரம் போதும். முழுச் சரிபார்ப்பை அடிக்கடி செய்ய விரும்புகிறவர்கள் ஒரு நகலையாவது அருகிலேயே வைத்திருப்பதற்கு இது ஒரு வலுவான காரணம்.

அருகில் வைக்கும் அந்த நகலுக்கு ஜெட்எஃப்எஸ் போன்ற, தானே செக்சம் வைத்துக்கொள்ளும் கோப்பு முறைமையைப் பரிந்துரைக்கிறேன். சாதாரண ரெய்டு ஏற்பாடு, வட்டு முழுதாகச் செத்தால் காப்பாற்றும். வட்டு உயிரோடிருந்தபடியே தவறான பைட்டைத் திருப்பிக் கொடுத்தால் அதை அது கண்டுகொள்வதில்லை. ரெய்டு பேக்கப் ஆகாது என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

பட்டியலாளர்:

வாதமே எழவில்லை என்று சுவடிக்காவலர் குறிப்பிட்ட இடத்தில்தான் என் ஐயம் தொடங்குகிறது. மேலே இருவரும் கோப்புகளைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். கோப்புகள் அடைவில் இருந்தாலும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் இருந்தாலும், மீதரவு தரவுத்தளத்தில் மட்டுமே இருந்தால், உங்களிடம் இருப்பது ஒரு களஞ்சியத்தின் இரண்டு பாதிகள்.

முன்பு நான் பணிபுரிந்த ஓரிடத்தில் இது நேர்ந்தது. மென்பொருளைப் பராமரித்தவர்கள் விலகிப் போய்ச் சில ஆண்டுகள் கழித்துச் சர்வர் படுத்துவிட்டது. வட்டுகளை எடுத்து வேறு கணினியில் மாட்டினோம். கோப்புகள் ஒன்றுகூடக் கெடவில்லை. ஆனால் ஒவ்வொரு கோப்பின் பெயரும் ஒரு நீண்ட எண். பின்னொட்டுகூட இல்லை. எது எந்த நூலின் எந்தப் பக்கம் என்ற செய்தி தரவுத்தளத்தில் இருந்தது. கையில் கிடைத்த தரவுத்தள பேக்கப்போ பதினான்கு மாதங்கள் பழையது. அந்தப் பதினான்கு மாதங்களில் சேர்ந்த நூல்களைப் படங்களைத் திறந்து பார்த்துத்தான் அடையாளம் கண்டோம். தலைப்புப் பக்கம் இருந்தவை பிழைத்தன. தலைப்புப் பக்கம் இல்லாத துண்டு வெளியீடுகளில் பல இன்றுவரை 'அடையாளம் காணப்படாதவை' என்ற அடைவில் கிடக்கின்றன.

அந்த மென்பொருளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. டிஸ்பேஸ் போன்ற பரவலான களஞ்சிய மென்பொருளும் இப்படித்தான் வைக்கிறது: நீண்ட உள் எண்ணின் முதல் ஆறு இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரித்து மூன்றடுக்கு அடைவு, அதற்குள் அந்த எண்ணே பெயராகக் கொண்ட கோப்பு. உண்மைப் பெயர், வடிவம், எந்த நூலைச் சேர்ந்தது என்பதெல்லாம் போஸ்ட்கிரெஸில் இருக்கும். மென்பொருள் ஓடும்வரை இது மிகத் திறமையான அமைப்பு. அதனால்தான் ஒவ்வொரு நூலையும் மெட்ஸ் என்ற எக்ஸ்எம்எல் வடிவ மீதரவோடு சேர்த்துப் பொதியாக வெளியே எடுக்கும் கருவியையும் அவர்களே தந்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

இதற்கு நேர்மாறான வழி, மீதரவையும் கோப்பின் அருகிலேயே ஒரு கோப்பாக எழுதி வைப்பது. இண்டர்நெட் ஆர்க்கைவ் இப்படித்தான் செய்து வருகிறது. அங்கே ஓர் உருப்படி என்றால் ஓர் அடைவு. அதற்குள் படங்களோடு கூடவே விவரங்களைக் கொண்ட ஓர் எக்ஸ்எம்எல் கோப்பும், கோப்புகளின் பட்டியலையும் செக்சம்களையும் கொண்ட இன்னொன்றும் இருக்கும். ஃபெடோரா களஞ்சிய மென்பொருளின் வரலாறும் படிப்பினை தருவது. அதன் மூன்றாம் பதிப்பில் எல்லாம் வட்டில் எக்ஸ்எம்எல் கோப்பாக இருந்தது. தரவுத்தளம் அழிந்தாலும் அவற்றிலிருந்து மீண்டும் கட்டலாம். நான்காம் பதிப்பில் சேமிப்பு மென்பொருளின் வயிற்றுக்குள் போய், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் புரியாத நிலை வந்தது. பயனர்கள் விடாமல் குறைப்பட்டுக்கொண்ட பின், 2021-இல் வந்த ஆறாம் பதிப்பில் ஓசிஎஃப்எல் எனப்படும் ஆக்ஸ்ஃபர்டு பொதுக் கோப்பு அமைப்பை ஏற்றுக்கொண்டு, திரும்பவும் வெளிப்படையான கோப்புகளுக்கே வந்து சேர்ந்தார்கள்.

ஆகவே கோப்பை எங்கே வைப்பது என்பதற்கு முன்பாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்: மென்பொருளும் தரவுத்தளமும் இல்லாமல், சேமிப்பகத்தை மட்டும் ஒருவர் கையில் கொடுத்தால், அவரால் களஞ்சியத்தை மீண்டும் கட்ட முடியுமா?

தரவுத்தளத்தார்:

பட்டியலாளர் சொன்ன நிகழ்வு வருந்தத்தக்கது. ஆனால் அதில் தோற்றுப்போனது பேக்கப் ஒழுக்கமே தவிர, தரவுத்தளம் அன்று என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

ஒரே செய்தியை இரண்டு இடங்களில் வைத்தால் ஒருநாள் இரண்டும் வேறுபடும். எது சரி என்று அப்போது யார் சொல்வது? ஓர் ஆசிரியரின் பெயர் இரண்டு எழுத்துக்கூட்டல்களில் பதிவாகியிருப்பதைக் கண்டு திருத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரவுத்தளத்தில் ஆசிரியர் அட்டவணையில் ஒரே வரியைத் திருத்தினால் போதும். நீங்கள் சொல்லும் முறையில் அவர் எழுதிய முந்நூறு நூல்களின் பக்கத்தில் கிடக்கும் முந்நூறு கோப்புகளையும் திருப்பி எழுத வேண்டும். நூற்று ஐம்பதாவதில் நிரல் நின்றுபோனால் பாதி பழையது, பாதி புதியது. இதைத் தவிர்க்கத்தானே உறவுசார் தரவுத்தளங்களே தோன்றின?

பட்டியலாளர்:

நியாயமான எதிர்ப்பு. நான் சொன்னதில் தெளிவு போதவில்லை.

இரண்டையும் இரண்டு உண்மைகளாக வைக்கச் சொல்லவில்லை. அன்றாடத் திருத்தம், தேடல், உறவுகள் எல்லாம் தரவுத்தளத்திலேயே நடக்கட்டும். அங்கே ஒரு நூலின் பதிவு மாறியதும், அந்த நூலின் முழு விவரத்தையும் அன்றைய நிலையில் ஒரு ஜேசான் அல்லது எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமிப்பகத்தில் எழுதும் வேலை ஒரு வரிசையில் சேரட்டும். ஓட்டம் எப்போதும் தரவுத்தளத்திலிருந்து கோப்புக்கு, ஒரே திசையில். அந்தக் கோப்பை யாரும் கையால் திருத்தக் கூடாது. நூற்று ஐம்பதாவதில் நின்றுபோனால் வரிசையில் மீதி நூற்று ஐம்பது காத்திருக்கும். எது எழுதப்பட்டது, எது எழுதப்படவில்லை என்பது பதிவின் மாற்ற நேரத்தை ஒப்பிட்டாலே தெரியும். பேரழிவு நாளில் மட்டும் திசை திரும்பும்: கோப்புகளிலிருந்து தரவுத்தளம் பிறக்கும்.

ஆசிரியர் பெயருக்கு, நூலின் கோப்பில் ஆசிரியரின் அடையாள எண்ணையும் அன்றைய பெயர் வடிவத்தையும் சேர்த்தே எழுதுங்கள். ஆசிரியர் அட்டவணையையே தனி உருப்படியாக அதே சேமிப்பகத்தில் வையுங்கள். பெயர் வடிவம் பழையதாகிப் போனாலும் எண் வழியாகப் புதியதை அடையலாம். எண் தொலைந்தாலும் மனிதர் வாசிக்கப் பெயர் இருக்கும்.

இப்படி அடிக்கடி திருப்பி எழுதினால் 20 டெராபைட்டும் பெருகுமே என்ற அச்சம் வேண்டாம். ஓசிஎஃப்எல் அமைப்பில் ஓர் உருப்படியின் அடைவுக்குள் வி1, வி2 என்று பதிப்புகள் இருக்கும். மீதரவு மட்டும் மாறினால் வி2-க்குள் அந்த ஒரு கோப்பே புதிதாக எழுதப்படும். 250 பக்கப் படங்களும் வி1-இல் இருந்தபடியே இருக்கும். எந்தப் பதிப்பில் எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்பதை இன்வென்டரி என்ற ஜேசான் கோப்பு ஷா-512 மதிப்புகளோடு சொல்லும். செக்சம்கள் அங்கேயே இருப்பதால் வட்டுவைத்தியர் வலியுறுத்திய சரிபார்ப்புக்கும் தனி ஏற்பாடு வேண்டாம். ஏற்கெனவே எழுதியதை மாற்றாமல் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகும் முறை என்பதால் அடைவிலும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜிலும் ஒன்றுபோலவே பொருந்தும். இதன் முதல் பதிப்பு 2020-இல் வெளியானது. விவரக்குறிப்பு ஒரே மாலையில் வாசித்துவிடக்கூடிய அளவுதான்.

உங்கள் எதிர்ப்பில் ஒன்றை மட்டும் ஏற்க மாட்டேன். பேக்கப் ஒழுக்கம் தோற்றது என்றீர்கள். ஒழுக்கம் ஒருநாள் தோற்கும் என்று எதிர்பார்த்துத்தானே சேமிப்பு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

நாடாக்காரர்:

உரையாடல் இரண்டு நகல்களிலேயே நிற்கிறது. அமெரிக்காவின் தேசிய எண்ணிமக் காப்புக் கூட்டமைப்பான என்டிஎஸ்ஏ வகுத்த படிநிலைகளில், முதல் படியே இரண்டு முழு நகல்கள் தனித்தனி இடங்களில் என்பது. இரண்டாம் படியில் மூன்று நகல்கள், அவற்றில் ஒன்றாவது வேறு நிலப்பகுதியில். அதற்கும் மேற்படிகளில், அந்த இடங்களுக்கு நேரக்கூடிய பேரிடர் வகையும் வேறாக இருக்க வேண்டும் என்கிறார்கள். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். அடுத்த கட்டடம் என்பது வேறு இடம் ஆகாது.

மூன்றாம் நகலுக்குக் காந்த நாடாவைப் பரிசீலியுங்கள். எல்டிஓ-9 நாடா ஒன்று 18 டெராபைட் கொள்ளும். உங்களுக்கு இரண்டு போதும். பெட்டியில் 45 டெராபைட் என்று அச்சிட்டிருப்பது சுருக்கிய கணக்கு. உங்கள் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டிருந்தால் அதை நம்பாதீர்கள். நாடாவை எழுதி எடுத்து அலமாரியில் வைத்துவிட்டால் எந்தத் தவறான கட்டளையும் எந்தத் திருட்டு நிரலும் அதை எட்ட முடியாது என்பதே அதன் தலையாய சிறப்பு.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. லட்சக்கணக்கான சிறு கோப்புகளை அப்படியே எழுதினால் நாடா முன்னும் பின்னுமாக ஓடித் தேயும். நூலுக்கு ஒரு பேக்இட் பொதி செய்து, அதை ஒரே டார் கோப்பாக்கி எழுதுங்கள். பேக்இட் 2018-இல் ஆர்எஃப்சி 8493 ஆக வெளியான எளிய முறை: தரவு அடைவு ஒன்று, செக்சம் பட்டியல் ஒன்று, விவரம் சொல்லும் சிறு உரைக் கோப்புகள், அவ்வளவே. இரண்டாவது, நாடா முப்பது ஆண்டு தாங்கினாலும் அதை வாசிக்கும் கருவி தாங்காது. எல்டிஓ-7 வரையில் ஒரு கருவி தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை நாடாக்களை வாசித்தது. எல்டிஓ-8, எல்டிஓ-9 கருவிகளில் அதுவும் குறைந்து ஒரு தலைமுறையாயிற்று. ஆகவே நாடாவை வாங்கும் நாளிலேயே அடுத்த மாற்றத்துக்கான ஆண்டையும் குறித்துவிடுங்கள்.

சுவடிக்காவலர்:

அனைவருக்கும் நன்றி. பட்டியலாளர் அவர்களின் கேள்வியை எங்கள் கூட்டத்தில் வைத்தபோது மூவருமே சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். 'முடியாது' என்பதுதான் எங்கள் விடை.

இன்னும் இரண்டு ஐயங்கள். சேமிப்பகத்தை மட்டும் பார்ப்பவருக்கும் புரிய வேண்டுமானால் கோப்புகளுக்கு நூலின் தமிழ்ப் பெயரையே வைத்துவிடலாமா? மேலும் எங்களிடம் சோலர் என்ற தேடல் மென்பொருளின் அட்டவணையும் இருக்கிறது. அதையும் பேக்கப் செய்ய வேண்டுமா?

வட்டுவைத்தியர்:

பெயரைத் தமிழில் வைக்கும் ஆசை எனக்கும் உண்டு, ஆனால் மூலக் கோப்புக்கு வேண்டாம். பெரும்பாலான லினக்ஸ் கோப்பு முறைமைகளில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. யூடிஎஃப்-8 குறியீட்டில் தமிழின் ஒவ்வொரு குறியுருவும் மூன்று பைட். ஆக 85 குறியுருக்கள்தான், அதிலும் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படும். பழைய நூல்களின் நீளமான தலைப்புகள் பாதியிலேயே முறியும்.

அதைவிடப் பெரிய தொல்லை, ஒரே எழுத்துக்கு இரண்டு வடிவங்கள் இருப்பது. 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியுருவாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவத்துக்கு மாற்றித்தான் சேமித்தது. அங்கிருந்து வந்த கோப்பை லினக்ஸ் சர்வரில் தேடினால், கண்முன்னே இருக்கும் கோப்பையே 'இல்லை' என்று சொல்லும். ஆகவே அடைவுக்கும் கோப்புக்கும் மாறாத அடையாள எண்ணை வைத்து, தமிழ்த் தலைப்பை அருகிலிருக்கும் மீதரவுக் கோப்புக்குள் எழுதுங்கள். அந்த உரையையும் என்எஃப்சி என்ற இணைந்த வடிவத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டுச் சேமிப்பது நல்லது. தேடலில் வரும் விநோதங்கள் பல அதோடு நின்றுவிடும்.

தரவுத்தளத்தார்:

சோலர் அட்டவணை பற்றி: தேடல் அட்டவணை என்பது தரவுத்தளத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் மீண்டும் கட்டக்கூடியது, அழிந்தால் சில மணி நேரத் தாமதம், அவ்வளவே. ஆனால் உள்ளே வேறு ஏதாவது குடியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டிஸ்பேஸில் பார்வை, பதிவிறக்கப் புள்ளிவிவரங்கள் சோலரில் மட்டுமே இருக்கும், தரவுத்தளத்தில் இருக்காது. 'அட்டவணைதானே' என்று அழித்துவிட்டுப் பல ஆண்டுப் பயன்பாட்டுக் கணக்கை இழந்தவர்கள் உண்டு. அதை வெளியே எடுத்து வைக்கத் தனிக் கட்டளையே இருக்கிறது.

பட்டியலாளருக்கு: ஒரே திசை ஓட்டம் என்ற விளக்கத்துக்குப் பிறகு என் எதிர்ப்பில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அந்தக் கோப்புகளிலிருந்து தரவுத்தளத்தை ஒருமுறையேனும் கட்டிப் பார்க்காதவரை அது வெறும் நம்பிக்கைதான். 2017 ஜனவரி இறுதியில் கிட்லேப் நிறுவனத்தின் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்த பேக்கப் பதிப்புப் பொருத்தமின்மையால் நெடுநாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போயிற்று. அவர்கள் அதை மறைக்காமல் எழுதினார்கள் என்பதற்காக அந்த நிறுவனத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு.

சுவடிக்காவலர்:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். எங்கள் முடிவு இது. மூலக் கோப்புகள் ஜெட்எஃப்எஸ் வட்டுகளில் ஓசிஎஃப்எல் அமைப்பில் இருக்கும். நூலுக்கு ஓர் உருப்படி, அதனுள் மீதரவுக் கோப்பு ஒன்று. இரண்டாம் நகல் வேறு நிலப்பகுதியிலுள்ள ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில், பூட்டோடு. மூன்றாவது நாடாவில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வாசகர்களுக்குக் காட்டும் சிறு படங்களை மூலத்திலிருந்து எப்போதும் உருவாக்கலாம் என்பதால் அவற்றுக்கு நகலே இல்லை. அதனால் நகலெடுக்க வேண்டிய கோப்புகளின் எண்ணிக்கையும் பாதியாகக் குறைந்தது. போஸ்ட்கிரெஸ் முன்போலவே வேலைத்தளமாகத் தொடரும்.

தரவுத்தளத்தார் சொன்ன சோதனையையும் செய்தோம். 500 நூல்களை எடுத்து, வெறும் போஸ்ட்கிரெஸில், சேமிப்பகத்தை மட்டும் வைத்துக் கட்டிப் பார்த்தோம். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பொருள் எல்லாம் குறையின்றி வந்தன. இரண்டு வரவில்லை. ஒன்று பக்க வரிசை: நடுவில் மறுபடி படமெடுத்துச் சேர்த்த பக்கங்களுக்குக் கோப்பு எண் கடைசியில் இருந்தது, சரியான இடம் தரவுத்தளத்தின் ஒரு புலத்தில் மட்டும் இருந்தது. மற்றொன்று அணுக்கக் கட்டுப்பாடு: பொதுப் பார்வைக்கு இன்னும் திறக்கக் கூடாத 11 நூல்கள், மீண்டும் கட்டிய தளத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தன. இது உண்மையான மீட்பாக இருந்திருந்தால் நூலை இழப்பதைவிட மோசமான சிக்கலில் மாட்டியிருப்போம். இவற்றை எப்படி எழுதி வைப்பது வழக்கம்?

பட்டியலாளர்:

பக்க வரிசைக்கு மெட்ஸ் வடிவத்தின் அமைப்பு வரைபடப் பகுதி இதற்காகவே உண்டானது. ஜேசான்தான் வசதி என்றால் கோப்புப் பெயர்களை வரிசைப்படி அடுக்கிய ஒரு பட்டியலும், நூலில் அச்சிட்டுள்ள பக்க எண்ணும் போதும். கோப்பின் பெயரிலிருந்து வரிசையை ஊகிக்கும் பழக்கத்தை நிரலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

கட்டுப்பாட்டை உரிமைப் பகுதியாக அதே மீதரவுக் கோப்பில் எழுதுங்கள்: யார் பார்க்கலாம், எந்த ஒப்புதலின்படி, எதுவரை. 'ஐந்து ஆண்டு' என்று எழுதாமல், தடை முடியும் நாளை முழுத் தேதியாக எழுதுங்கள். மீண்டும் கட்டும்போது ஐந்து ஆண்டும் அன்றிலிருந்து புதிதாக எண்ணப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். உரிமைப் பகுதியே இல்லாத உருப்படி வந்தால் அதை மூடிய நிலையில் ஏற்றுமாறு மீட்பு நிரலை அமையுங்கள். அந்த 11 நூல்களை வைத்தே சோதனையை மறுபடி ஓட்டி, என்ன வந்தது என்று இங்கே எழுதுங்கள்.

சுவடிக்காவலர்:

ஓட்டினோம். பதினொன்றும் மூடியே வந்தன. அவற்றோடு, பழைய பதிவுகளில் உரிமைப் புலம் வெறுமையாக இருந்த 46 நூல்களும் மூடிக்கொண்டன. இப்போது அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.